என் வாயில் வராத மீன்

அனுப்புநர்:
சென்னம்மாள்,
க/பெ: (இந்த இடம் காலி. காரணம் கடிதத்துக்குள் இருக்கிறது.)
குண்டூர் நாடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
ஆசிரியர் ஐயா அவர்கள்,
புது மீன்களுக்குப் பேர் அச்சடிக்கிற பத்திரிகை,
வெளிநாடு.

பொருள்: என் பேத்தி கண்டுபிடித்த ரிப்பன் மீனின் பேரை, அச்சில் ஏறுவதற்குள் மாற்றிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்வது.

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கொல்லிமலையிலிருந்து சென்னம்மாள் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரர், இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி எல்லாரும் சுகம். மழை போன வாரம் பெய்தது. போதும் என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும், தாங்கள் பேர் வைத்து விட்டிருக்கும் மீன்கள் அத்தனையும் நோய் நொடி இல்லாமல் இருக்க அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தாங்கள் இருக்கும் ஊரில் வருஷம் பூராவும் குளிர் என்று பேத்தி சொன்னாள். அதனால் இந்தக் கவருக்குள் ஒரு பிடி மிளகு வைத்திருக்கிறேன். காரியம் ஆகவேண்டும் என்று கொடுப்பதாக நினைக்க வேண்டாம். சளிக்கு. நாலு மிளகைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறுவதற்குள் குடிக்க வேண்டும்.

தங்களுக்குத் தமிழ் தெரியாது என்றும் பேத்தி சொன்னாள். அதை நான் நம்பவில்லை. கடலில் இருக்கிற ஒவ்வொரு மீனுக்கும் என்ன பேர் என்று தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாமலா போகும். அப்படியே தெரியாவிட்டாலும் பக்கத்து வீதியில் தமிழ் ஆள் ஒருத்தர் இருப்பார், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐந்தோடு நின்றதற்கு என் மூளை காரணம் இல்லை, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பே கிடையாது. அங்கே இருந்த வகுப்பு அத்தனையும் படித்து முடித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மேஜை மேல் ஒரு கட்டுரை இருக்கும். ரிப்பன் மீனைப் பற்றியது, எழுதியவர் பேர் வித்யாஸ்ரீ. அது என் பேத்தி, என் மகள் வயிற்றுப் பிள்ளை. எங்கள் மலையில் அருவி உண்டு, ஓடை உண்டு, ஆனால் அதில் இருக்கிற மீன் என் சுண்டுவிரல் நீளம்தான். அப்படிப்பட்ட மலையில் வளர்ந்த பிள்ளை கீழே இறங்கி, ஜில்லா ஜில்லாவாகத் தாண்டி, கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சி ஆபீசில் சேர்ந்து, கடலைப் பார்த்தே வயசானவர்களுக்குத் தெரியாத மீனை இது புது மீன் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள் என்றால் அது என்ன லேசான காரியமா. அன்றைக்கு அவள் போன் செய்தபோது நான் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாயி, ஆழ்கடல்ல இருந்து ஒரு மீனு வலையில ஏறி வந்துச்சுங்க. இதுவரைக்கும் ஆருமே பேரு வெக்காத மீனு. எட்டடி நீளம், கையகலம், வெள்ளித் தகடாட்டம் மினுங்குது. தலையில செவப்பா ஒரு கொண்டை" என்றாள்.

"செதிலு உண்டா கண்ணு?" என்று கேட்டேன். மீன் என்றால் முதலில் அதைத்தானே கேட்க வேண்டும்.

"செதிலே இல்லீங்க அம்மாயி. பல்லும் பேருக்குத்தான். கண்ணு மட்டும் இத்தாப் பெருசு. இன்னொண்ணு கேளுங்க, இந்தச் சாதி மீனெல்லாம் மத்த மீனாட்டம் படுத்து நீந்தாது. தலை மேல, வாலு கீழ, கம்பம் நட்டாப்புல தண்ணிக்குள்ள நிக்கும்."

"நின்னுக்கிட்டு என்ன பண்ணும்?"

"மேலயே பாத்துக்கிட்டு இருக்குமுங்க, ஏதாச்சும் திங்கறதுக்கு வருமான்னு."

நான் வாசலைப் பார்த்தேன். வீட்டுக்காரர் பலாமரத்தடியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பேத்தி சொன்னாள், "அதுக்கு அப்புச்சி பேருதான் வெச்சிருக்கறேனுங்க அம்மாயி. நான் மீனு படிக்கப் போறேன்னப்ப ஊரே வேண்டாம்னுச்சு. அப்புச்சி ஒருத்தருதான், மீனுதானே, போயிப் பாத்துட்டு வரட்டும்னாரு."

அப்புச்சி என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரை. அவர் அப்படிச் சொன்னது வாஸ்தவம். ஆனால் அப்படிச் சொல்லுங்கள் என்று அடுப்படியில் வைத்து மூன்று நாள் சொல்லிக்கொடுத்தது யார் என்று பேத்திக்கு இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். அந்தப் பேர் என்றதும் போன் என் கையிலிருந்து நழுவிக் கிழங்குக் கூடைக்குள் விழுந்துவிட்டது.

ஐயா, தங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் பொண்டாட்டி புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். குறையுமா குறையாதா என்று சோதித்துப் பார்க்க எனக்கு இருப்பது ஒரே ஒரு புருஷன். கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருஷம், அந்தப் பேர் முழுசாகவும் என் வாயில் வந்ததில்லை, துண்டாகவும் வந்ததில்லை. அந்தப் பேரின் முன்பாதி, பெரிசு என்பதற்கு மறுபக்கம் இருக்கிற சொல். அதனால் ஐம்பத்திரண்டு வருஷமாகக் கடையில் குட்டி வெங்காயம் என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். பின்பாதி, கோவிலில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற சொல். அதனால் நான் அறப்பளீசுவரரை நேரடியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் என்ன என்று கேட்டால் கையைக் காட்டுவேன், ரேஷன் கடையில் கேட்டால் பின்னால் நிற்கிறவர் சொல்லுவார். இப்படியே ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிவந்தேன், இந்த மீன் வருகிற வரைக்கும். எழுதவும் மாட்டேன். ஆனாலும் எந்தப் பேரை மாற்றச் சொல்கிறாள் கிழவி என்று தாங்கள் குழம்பக்கூடாது என்பதால், இந்த இடத்தில் மட்டும் பேனாவைப் பக்கத்து வீட்டு ராதிகாவிடம் கொடுக்கிறேன்.

சின்னுசாமி. (ஐயா, பாட்டி எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். மத்தபடி எனக்கும் இந்த மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. – ராதிகா.)

பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஒரு பேர் எழுதச் சொன்னால் இரண்டு வரி சேர்த்து எழுதிவிட்டாள். அந்த இடத்தை இடது கையால் மூடிக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது என் கஷ்டத்தைக் கேளுங்கள். பேத்தி ஒரு மீனைக் கண்டுபிடித்தால் பாட்டி நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா. மறுநாளே சேந்தமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறினேன். எனக்குச் சேந்தமங்கலத்தில் ஒரு வேலையும் இல்லை, பஸ்ஸில் ஐம்பது பேர் இருப்பார்கள், மலை இறங்க எழுபது வளைவு, எல்லாரும் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று ஏறினேன். பத்தாவது வளைவுக்குள் எட்டடி நீளத்தைச் சொல்லி முடித்தேன், இருபதாவது வளைவில் கொண்டையைச் சொன்னேன், முப்பதாவதில் அது நிற்பதைச் சொல்ல நானே எழுந்து நின்று காட்டினேன். பஸ்ஸே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. அப்போது கண்டக்டர் செல்வம், "அத்தனையுஞ் சொன்னீங்களே பாட்டி, மீனு பேரச் சொல்லுங்க" என்றார்.

"எங்கூட்டுக்காரரு பேருதானுங்க" என்றேன்.

"உங்கூட்டுக்காரரு பேரென்ன?"

எங்கள் ஊர் ஆள் ஒருத்தரும் அந்த பஸ்ஸில் இல்லை. கையைக் காட்டுவதற்கு அவரும் இல்லை. ரேஷன் அட்டை இருந்திருந்தால் படித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டியிருப்பேன், ஒரு மீனைப் பற்றிப் பேசப் போகும்போது ரேஷன் அட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று யாருக்குத் தோன்றும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே பஸ்ஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஆளாளுக்கு ஒரு பேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மாரப்பனா என்றார் ஒருத்தர், முருகானந்தமா என்றார் இன்னொருத்தர், பின் சீட்டில் ஒருத்தர் தமிழ்செல்வனாக இருந்தால் நன்றாக இருக்கும், அது என் பேர் என்றார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்ட, நாற்பத்தைந்தாவது வளைவில் ஒரு புண்ணியவான் முன்பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் ஒரே ஆரவாரம். ஆனால் பின்பாதிக்கு அவர் தம்பி என்று ஒட்டினார், ராசு என்று ஒட்டினார், பையன் என்றுகூட ஒட்டினார், சரியானது மட்டும் அவர் வாயில் வரவில்லை. அதற்குள் முன் சீட்டில் ஒரு அம்மா வாந்தி எடுக்க, எல்லாரும் ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்கள். அடிவாரத்தில் இறங்கும்போது செல்வம் சொன்னார், "பேரே இல்லாத மீனுக்கு எழுவது வளைவு கதை சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதான் பாட்டி." இந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

அடுத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா. புதுத் தலைமை ஆசிரியர் குணசேகரன் கீழ்நாட்டுக்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மீன் கண்டுபிடித்த பிள்ளையின் பாட்டி என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். நான் பஸ்ஸில் பேசிப் பழகியிருந்ததால் கூச்சம் இல்லை. எட்டடி நீளம், செதில் கிடையாது, பல்லும் பேருக்குத்தான், எந்நேரமும் நின்றுகொண்டே மேலே பார்க்கும் என்று கணீரென்று சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "அந்த மீனு பேரென்னங்கம்மா, பசங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியர். நான் ஆஸ்பத்திரியில் செய்வதைத்தான் செய்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைக் கையைக் காட்டினேன். அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்று, நாலாபக்கமும் கும்பிட்டு, பல் இல்லாத வாயால் ஒரு சிரிப்பு சிரித்தார்.

இதைச் செம்மேட்டில் போன் கடை வைத்திருக்கும் இளங்கோ தன் போனில் படம் பிடித்துவிட்டார். பிடித்தவர் முழுசாகப் போட்டிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அவர் என் பேச்சில் நடுத்துண்டையும், நான் கையைக் காட்டுவதையும், வீட்டுக்காரர் எழுந்து நிற்பதையும் மட்டும் ஒட்டவைத்து, "கொல்லிமலையில் நிற்கும் மீன்" என்று பேர் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு வேன் வந்தது. ஈரோட்டிலிருந்து இரண்டு. மீன் எங்கே என்று ராதிகாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவள், "நேராப் போயி எடது பக்கம் திரும்புங்க, பலாமரத்தடியில நிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதினாளே, அவள்தான். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருத்தர் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்து, "அந்த ரிப்பன் மீனு நீங்கதானுங்களா?" என்றார்.

வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். தன் பேர் வைத்த மீன் என்று அவருக்கும் தெரியும். "ஆமாங்க, நாந்தானுங்க" என்றார்.

"எத்தனை அடி ஆழத்துல இருப்பீங்க?"

"நான் மலை மேலதானுங்க இருக்கறேன். பள்ளத்துல எறங்குனா ஏறும்போது மூச்சு வாங்குது."

"என்ன சாப்புடுவீங்க?"

"காலையில களி. மத்தியானம் நம்மூட்ல என்ன வெக்கறாங்களோ அது."

"தொட்டுப் பாக்கலாங்களா?"

"கை கழுவிட்டுத் தொடுங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவர் கெட்டுப்போனது அன்றிலிருந்துதான். ஐம்பத்திரண்டு வருஷமாக ஒருத்தரும் அவரிடம் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதில்லை, நான் உட்பட. மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்துத் தலையில் கொண்டை மாதிரி கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். கொடியில் மிளகு பழுத்து நிற்கிறது, பறிக்க ஏணி வைத்தது வைத்தபடி இருக்கிறது, இவர் மரத்தடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஏனுங்க, செத்த உக்காருங்க, முட்டி வீங்குதுங்க" என்றேன். "இந்தா, உனக்கென்ன தெரியும், உக்காந்திருந்தா அத்தன தூரம் வந்தவங்க ஏமாந்து போயிருவாங்க புள்ள" என்றார். மழை வந்தால்கூட உள்ளே வருவதில்லை. நனைந்தால்தான் மினுமினுப்பாக இருக்கிறதாம். ஒரு அம்மா கூடை நிறையக் கணவாய்க் கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், இந்த மீன் அதைத்தான் தின்னும் என்று எங்கோ படித்தாராம். மலையில் பிறந்த மனுஷன், கணவாயைக் கண்ணால் பார்த்ததில்லை, மரியாதைக்காக ஒன்றை வாயில் போட்டு, பல் இல்லாமல் இரண்டு நாள் மென்றார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன் ஐயா. பொறுக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. என் நாத்தனார் பொன்னாத்தாள், வீட்டுக்காரருக்கு மூத்தவர், கீழே ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு பையோடு வந்து இறங்கினார். அவர் கூடப் பிறந்தவர் என்பதால் அந்தப் பேரைத் தாராளமாகச் சொல்லலாம். சொல்லலாம் என்றால், மூச்சு விடுகிற மாதிரி சொல்கிறார். வாசல் படலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம், "வாங்க வாங்க, எங்க ————— மீனப் பாக்க வந்தீங்களா, எங்க ————— பொறந்தப்பவே இப்பிடித்தானுங்க, தொட்டியில எறக்கி உட்டா நட்டமா நின்னுக்குவான்" என்கிறார். கோடு போட்ட இடத்தில் எல்லாம் அந்தப் பேர் என்று படித்துக்கொள்ளவும். வித்யாஸ்ரீக்கு மூளை எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர் கேட்டதற்கு, எங்க வம்சத்து மூளையுங்க என்று தன் தலையையே தட்டிக் காட்டினார். அந்தத் தலைக்குள் நாலாவது வாய்ப்பாடு கிடையாது, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பேத்திக்குக் கையைப் பிடித்து அனா ஆவன்னா போட்டது நான். இரண்டாம் வகுப்பில் கழித்தல் கணக்கில் அவள் அழுதபோது கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். இதையெல்லாம் சொல்லலாம் என்று பக்கத்தில் போனால் வந்தவர்கள் முதலில் என்னிடம் மீன் பேரைத்தான் கேட்கிறார்கள். நான் விழிக்கிறேன். உடனே எல்லா முகமும் நாத்தனார் பக்கம் திரும்பிவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை பேப்பர்காரர் ஒருத்தர் வந்தார். புதன்கிழமை பேப்பரில் படம் வந்தது. நடுவில் வீட்டுக்காரர் சிவப்புத் துண்டோடு நிற்கிறார். பக்கத்தில் நாத்தனார். கீழே "மீனின் அக்கா பொன்னாத்தாள்" என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது, அது நான்.

அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. நேராகப் படலுக்கு, நாத்தனாரிடம் போனேன்.

"ஏனுங்க நங்கை, கண்டுபுடிச்சது என்ற பேத்தியுங்க" என்றேன்.

"ஆரு இல்லீன்னா?" என்று வெற்றிலையை மடித்தார். "உன்ற பேத்தியேதான். அந்த மீனு பேரு என்னன்னு உன்ற வாயில சொல்லு பாக்கலாம். இந்த நாற்காலியையே உனக்கு உட்டுட்டு எந்திரிச்சுப் போயிர்றேன்."

நான் வாயைத் திறந்தேன். வேன் ஆட்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மரத்தடியில் நின்ற வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். என் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது, ஒன்றும் வரவில்லை. நாத்தனார் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "ஈ பூந்துரும், மூடிக்க புள்ள" என்றார்.

அன்றைக்கே பேத்திக்குப் போன் போட்டேன். நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை, பிள்ளை வேலை செய்கிற இடத்தில் கவலைப்படக்கூடாது. பேரை மாற்றலாமா என்று மட்டும் கேட்டேன்.

"அச்சுல வந்துட்டா அப்பறம் இந்த உலகத்துல ஆராலயும் மாத்த முடியாதுங்க அம்மாயி" என்றாள். "ஆயிரம் வருசம் கழிச்சுப் பொறக்கறவங்களும் அதே பேருதான் சொல்லோணும்."

"இன்னும் அச்சுல வர்லியே கண்ணு?"

"அடுத்த மாசமுங்க. இப்ப ஆசிரியரு கையிலதான் இருக்குது."

அந்தக் கை தங்கள் கை ஐயா. ஆயிரம் வருஷம் கழித்துப் பிறக்கப் போகிறவன் எல்லாம் சொல்லப்போகிற பேரை, அதைக் கண்டுபிடித்தவளின் பாட்டி ஒருத்தி மட்டும் சொல்ல முடியாமல் சாகவேண்டும் என்பது என்ன நியாயம் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். அதனால் அந்தப் பேரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சென்னம்மாள் என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பேராசை என்று நினைக்க வேண்டாம். என் பேரை நான் சொல்லலாம், தடை இல்லை. அந்த ஒரே காரணத்துக்காகத்தான். பொருத்தமும் பார்த்துவிட்டேன். அந்த மீன் நிற்கிறது என்றால், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை இந்த வீட்டில் நிற்பது யார். அதற்குக் கொண்டை என்றால் எனக்கும் கொண்டை, துண்டு கட்டவேண்டியதில்லை. பல் விஷயத்தில் மட்டும் அவருக்குத்தான் பொருத்தம் அதிகம், எனக்கு இன்னும் பதினொன்று இருக்கிறது, இதை நான் மறைக்க விரும்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது, பெரிய படிப்பு படித்த தாங்கள் எல்லாரும் இதை எப்படி விட்டீர்கள் என்றுதான் தெரியவில்லை. மீனை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் முட்டை இருந்ததாகப் பேத்தியே சொன்னாள். முட்டை சுமக்கிற மீனுக்கு மீசை வைத்த ஆள் பேரை வைக்கலாமா. இதைக் கேட்பதற்கு ஆறாம் வகுப்பு படித்திருக்கவேண்டும் என்று இல்லை.

பேத்திக்கு இந்தக் கடிதம் தெரியாது. தாங்களே யோசித்து மாற்றியதாக அவளுக்கு எழுதிவிடுங்கள். கட்டுரையில் மற்றது எதிலும் கைவைக்க வேண்டாம், பிள்ளை கண் முழித்து எழுதியது.

தங்கள் குடும்பம் கொல்லிமலை மிளகுக்கொடி மாதிரி பற்றிப் படர்ந்து, தாங்கள் நூறு வயசுக்கு மேலும் கண்ணாடி போடாமல் மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வயசில் மூத்தவளாக ஆசீர்வாதம் செய்கிறேன். தங்கள் வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். அவர் தங்கள் பேரைச் சொல்லுவாரா மாட்டாரா என்பதைப் பதிலில் ஒரு வரி எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
சென்னம்மாள்,
ஐந்தாம் வகுப்பு (தேர்ச்சி).

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம். கவரை ஒட்ட ஒரு சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். அதற்குள் வீட்டுக்காரர் மரத்தடியை விட்டு வந்து கடிதத்தை எடுத்துவிட்டார். அவர் மூன்றாம் வகுப்பு, விரலை வைத்து வாய்விட்டுத்தான் படிப்பார். எனக்கு அடுப்படியில் எல்லாம் கேட்டது. பேரை மாற்றச் சொன்ன இடத்துக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஐயா, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவது இந்தா, ஏ புள்ள, இரண்டும் இல்லாவிட்டால் ஒரு இருமல். அவர் சொல்லக்கூடாது என்று ஒரு தடையும் கிடையாது. சொன்னதில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி, "செ... சென்... சென்னம்மா" என்று கேட்டது.

நான் பருக்கையோடு, "ஏனுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மீனுக்கு வெச்சா எப்பிடி வருதுன்னு பாத்தேன்" என்றார்.

"எப்பிடி வருதுங்க?"

"நல்லாத்தான் வருது" என்றார். பிறகு வாசலுக்குப் போய் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாத்தனார் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

அதனால் மீனுக்கு அவர் பேரே இருக்கட்டும். நாத்தனார் சொல்லிக்கொள்ளட்டும், ஆயிரம் வருஷம் கழித்துப் பிறக்கிறவனும் சொல்லிக்கொள்ளட்டும். என் பேரை மீனுக்குக் கொடுத்துவிட்டால், இனிமேல் அவர் சொல்லும்போது என்னைக் கூப்பிடுகிறாரா மீனைச் சொல்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும். இதை எழுதும்போதே வாசலில் மறுபடியும் கேட்கிறது. மீனுக்கு இன்னும் என் பேர் வைக்கவில்லை, அதனால் இது என்னைத்தான்.